குரைத்துப் பாயும் பெரிய நாய் இருக்கும் வீட்டுக்கு ஒரு குட்டி வரும்போது

தெருமுனையில் இன்னொரு நாயின் வால் தெரிந்தாலே பெல்ட்டை இழுத்துக்கொண்டு பாய்வது, காலிங் பெல் அடித்தால் கதவு அதிரக் குரைப்பது, போகிற சைக்கிளைப் பார்த்து எம்புவது. இப்படி ஒரு நாய் உங்கள் வீட்டில் ஐந்தாறு வருடமாக இருக்கிறது. இப்போது ஒரு குட்டியும் வந்திருக்கிறது, அல்லது வரப்போகிறது. அந்த வீட்டுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட நாயை ரியாக்டிவ் நாய் என்பார்கள். கெட்ட நாய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவை பயத்தில் பாய்கின்றன. சில நாய்கள் அருகில் போய் மோந்து பார்க்க முடியாத தவிப்பில் பாய்கின்றன. எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதற்குத் தன்னைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. அதட்டினால் காதில் விழாது, பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே நீட்டினாலும் திரும்பாது.

"தனியா இருக்கறதாலதான் இப்படிக் கத்துது, துணைக்கு ஒண்ணு வாங்கி விட்டா அடங்கிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அடங்காது. பெரியது குரைப்பதைப் பார்த்துக் குட்டியும் குரைக்கப் பழகும். கவனிக்காமல் விட்டால் குட்டி வளர்ந்ததும் கேட் அருகே ஒன்றுக்கு இரண்டு நிற்கும். பெரிய நாயைத் திருத்துவதற்காகக் குட்டி வாங்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். குட்டியை குட்டிக்காகவே வளர்க்க நேரமும் மனமும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: முதல் சில வாரங்களில் இரண்டையும் சேர்த்து வைக்க முயலாதீர்கள், நன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு தனி நாய்களாக வளர்த்து, தனித்தனியாகப் பழக்கி, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

குட்டி வருவதற்கு முன்னால்

முதலில் பெரிய நாயை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, சொத்தைப் பல், காதுச் சீழ், தைராய்டு குறைபாடு, உண்ணிக் காய்ச்சல் இதில் எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வருவது. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இடுப்பு வலிக்கிற நாயின் முதுகில் ஒரு குட்டி தாவி ஏறினால் அது கடிக்கத்தான் செய்யும், அதைப் பயிற்சியால் மாற்ற முடியாது. பக்கத்தில் நல்ல கிளினிக் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போகலாம். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு. எலும்பு, தோல் என்று தனித்தனியாகப் பார்க்க அங்கே ஆள் இருப்பார்கள்.

அடுத்து ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் நாய் சத்தம் போடுகிற நாயா, காயப்படுத்துகிற நாயா? தெருநாய்களைப் பார்த்து நாள் முழுக்கக் குரைத்தாலும் எதையும் கடித்ததில்லை என்றால் கீழே உள்ள வழிகள் போதும். ஏற்கெனவே வேறு நாயைப் பல் பதியக் கடித்திருந்தாலோ, பூனை, அணில், கோழிக்குஞ்சு என்று சின்ன உருவம் ஓடினால் சத்தமில்லாமல் துரத்திப் பிடிக்கிற பழக்கம் இருந்தாலோ, குட்டி யோசனையைத் தள்ளிப்போடுங்கள். நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரை நேரில் பார்க்காமல் இறங்கக்கூடாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை இன நாய்களை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

குட்டி எட்டு வாரத்துக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி அதற்கு முன் விற்பதே தவறு. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் எட்டு வாரம் புரண்ட குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பது ஓரளவு தெரிந்திருக்கும். முப்பது நாளில் பிரித்து வந்த குட்டிக்கு அது தெரியாது, பெரிய நாயின் காதில் ஊசிப் பல்லை ஆழமாக இறக்கும்.

வீட்டைப் பிரிப்பது

குழந்தைகளுக்காகப் படிக்கட்டில் மாட்டுகிற தடுப்புக் கேட் ஒன்று, குட்டிக்கு மடக்குக் கம்பி வேலி ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் ஒரு படுக்கையறை வீட்டைக்கூடப் பிரித்துவிடலாம். கேட் வாங்க வசதியில்லை என்றால் பழைய கிரில் துண்டைக் கதவு நிலையில் கொக்கி போட்டு மாட்டச் சொல்லுங்கள். இரும்புக் கடையில் செய்து தருவார்கள். கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையக் கூடாது.

முதல் வாரம் தடுப்பின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மறைத்துவிடுங்கள். மணம் அந்தப் பக்கம் போகும், சத்தம் கேட்கும், உருவம் தெரியாது. அது போதும். குட்டி படுத்த துணியை எடுத்துப் பெரிய நாயின் பக்கம் தரையில் போடுங்கள், அது மோந்து பார்க்கும்போது அதற்குப் பிடித்ததைக் கொடுங்கள். அதன் படுக்கையில் போடக் கூடாது, அந்த இடம் அதற்கு மட்டுமே சொந்தமாக இருக்கட்டும்.

பெரிய நாய் வழக்கமாகப் படுக்கும் மூலை, சாப்பிடும் இடம், வாக்கிங் போகும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். குட்டிதான் மிச்ச இடத்தில் பொருந்திக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பலர் செய்வது, பெரிய நாயைச் செயினில் கட்டிவிட்டுக் குட்டியை அவிழ்த்துவிடுவது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள், ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம். கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. விலக வழியில்லாத நாய்க்கு மிஞ்சுவது பல் மட்டும்தான். குட்டியோ அந்தச் செயினின் எல்லை தெரியாமல் திரும்பத் திரும்ப உள்ளே போகும். கட்டுவதாக இருந்தால் குட்டியைக் கட்டுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவே தடுப்பைப் போடுங்கள்.

முதல் சந்திப்பு

வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க வைப்பதே நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் தடுப்பூசி முடியாத குட்டியை நம் தெருவில் இறக்கிவிட முடியாது. குட்டிகளின் உயிரை வாங்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தோடு மண்ணில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண ஃபினாயிலுக்கு அது அசையாது. அதனால் தெருநாய்கள் வராத மொட்டை மாடியையோ, தடுப்பூசி போட்ட நாய் மட்டும் இருக்கிற உறவினரின் காம்பவுண்டையோ பயன்படுத்துங்கள். பெரிய நாய் மாடியைத் தன் ராஜ்யமாக நினைத்தால் அது வேண்டாம்.

ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெரிய நாயை ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்), கயிறு தளர்வாக இருக்கும்படி பிடித்து நடக்க வேண்டும். இன்னொருவர் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, நல்ல தூரத்தில், அதே திசையில் நடக்க வேண்டும். எதிரெதிரே வரக் கூடாது. நேருக்கு நேர் வருவது நாய் மொழியில் வம்புக்கு வருவது. பெரிய நாய் ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையை மோந்தால், உங்களைத் திரும்பிப் பார்த்தால், இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். உடம்பு இறுகி, வாய் மூடி, கண் இமைக்காமல் பார்த்தால் தூரத்தைக் கூட்டுங்கள். முதல் நாள் மூக்கோடு மூக்கு வைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வீட்டார் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்பதையும் தவிருங்கள், அந்தக் கூட்டமே நாயைப் பதற வைக்கும்.

சில நாட்கள் இப்படி அமைதியாகப் போன பிறகு குட்டியைத் தரையில் விடலாம். மோந்து பார்க்க மூன்று விநாடி, பிறகு உற்சாகமான குரலில் பெரிய நாயைக் கூப்பிட்டு விலக்கி ஒரு துண்டு சிக்கன். திரும்ப மூன்று விநாடி. பெரிய நாயைக் கயிற்றை இழுத்து விலக்காதீர்கள். கயிற்றில் இறுக்கம் விழுந்தால் அந்த எரிச்சல் எதிரில் இருப்பதன் மேல் திரும்பும்.

உறுமலை அடக்காதீர்கள்

கடிப்பதற்கு முன் நாய் பல தடவை சொல்லிவிடும், நமக்குத்தான் காதில் விழாது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது, திடீரென்று சிலை போல உறைந்து நிற்பது. உறுமல் இவற்றுக்குப் பிறகு வருவது. உறுமினால் அடிப்பவர்கள் அந்த எச்சரிக்கை மணியைக் கழற்றிவிடுகிறார்கள். அடுத்த முறை சத்தமில்லாமல் நேரடியாகக் கடி விழும்.

செவலை எங்கள் வீட்டு நாட்டு நாய். காலையில் பேப்பர்காரர் வரும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வரிசை தெரியும். முதலில் காது நுனி மட்டும் தெருப்பக்கம் திரும்பும். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். முன்னங்கால் விரல்கள் தரையை அழுத்தும், வால் அடி விறைக்கும். அதற்குப் பிறகுதான் சைக்கிள் சத்தமே நம் காதுக்கு வரும். குரைப்பு அதற்கும் பின்னால். வாய் மூடுகிற அந்த நொடியில் கூப்பிட்டால் திரும்புவான், வால் விறைத்த பிறகு திரும்ப மாட்டான். உங்கள் நாய்க்கும் இப்படி ஒரு வரிசை இருக்கும். பயிற்சியில் இறங்கும் முன் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து அதைப் பாருங்கள். வேறு எந்தப் பாடத்தையும்விட இது உதவும்.

குட்டி மேலே விழுந்து பிடுங்கும்போது பெரிய நாய் ஒரு முறை சீறி, குட்டி ஒதுங்கி, உடனே பெரியதும் தளர்ந்துவிட்டால் அது பாடம் சொல்லிக்கொடுப்பது. தலையிட வேண்டாம். சீறிய பிறகும் துரத்திப் போய் அழுத்தினாலோ, சீறலைப் பொருட்படுத்தாமல் குட்டி மறுபடி மறுபடி போய் விழுந்தாலோ, நீங்கள்தான் பிரிக்க வேண்டும். "அதுங்களே பேசித் தீர்த்துக்கும்" என்று விடுகிறவர்கள் உண்டு. ரியாக்டிவ் நாயிடம் அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

குட்டிகள் நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும், தூங்க வேண்டும். தூக்கம் போதாத குட்டிதான் மாலையில் பேய் பிடித்தது போல் ஓடிக் கடிக்கும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் கம்பி வேலிக்குள் விட்டுத் தூங்க வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே தூக்கிப்போய் மூத்திரம் போக வையுங்கள். அந்தத் தூக்க நேரம்தான் பெரிய நாய்க்கான நேரம். அதை அப்போது வெளியே கூட்டிப்போங்கள், அல்லது சும்மா பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள்.

இரண்டுக்கும் தனி அறையில் சாப்பாடு. இது முதல் வாரத்துக்கு மட்டுமல்ல, எப்போதும். இரண்டும் முடித்த பிறகு தட்டுகளை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். எலும்பு, பந்து, கயிற்றுப் பொம்மை எதுவும் பொது இடத்தில் கிடக்கக் கூடாது. ஒரே வீட்டு நாய்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதிரிப் பொருளுக்காகவும், குறுகலான வாசலுக்காகவும், உங்கள் மடிக்காகவும்தான்.

வெயில் காலத்தில் வாக்கிங் காலை ஆறரைக்கு முன், இரவு ஏழுக்குப் பின். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

பெரிய நாய்க்கான பயிற்சி

இங்கேதான் பொறுமை வேண்டும். "நீதான் தலைவன்னு காட்டணும்" என்று சொல்லிக் குப்புறத் தள்ளுவது, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினை வெட்டி இழுப்பது எல்லாம் பழைய நம்பிக்கைகள். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய யோசனை அது. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம், அதிகாரப் போட்டி அல்ல என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-ல் எழுதிவிட்டார். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-ல், எந்த நாய்க்கும் எந்தப் பிரச்சினைக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. தெருநாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்றால், தெருநாய் வந்தால் வலி வரும் என்பதுதான் உங்கள் நாய் கற்றுக்கொள்ளும் பாடம்.

செய்ய வேண்டியது இது. உங்கள் நாய் இன்னொரு நாயைப் பார்த்தும் பாயாமல் இருக்கும் தூரம் ஒன்று இருக்கும். அது 20 மீட்டராக இருக்கலாம், ஒரு முழுத் தெருவாகவும் இருக்கலாம். அந்தத் தூரத்தில் நில்லுங்கள். எதிர் நாய் தெரிந்ததும், உங்கள் நாய் அதைப் பார்த்ததும், வேகவைத்த சிக்கனை விரல்நகம் அளவு துண்டுகளாக ஒவ்வொன்றாகக் கொடுங்கள். எதிர் நாய் மறைந்ததும் சிக்கனும் நின்றுவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது: முதலில் நாய், பிறகு சிக்கன். மணியடித்த பின் உணவு தந்தார் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், நாய்க்கு மணி கேட்டாலே எச்சில் ஊறியது. நீங்கள் சிக்கனை முதலில் நீட்டிவிட்டுப் பிறகு நாயைக் காட்டினால், சிக்கனைக் கண்டாலே ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று அது சந்தேகப்பட ஆரம்பிக்கும்.

சில வாரங்களில் எதிர் நாயைப் பார்த்ததும் அது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அன்றைக்குத்தான் வேலை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு எட்டு, இரண்டு எட்டு நெருங்கலாம். பாய்ந்துவிட்டால் திட்ட வேண்டாம், திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள். அன்றைக்கு அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம், அவ்வளவுதான்.

சிக்கன் வேண்டாத வீட்டில் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நாய்க்குப் பிடித்தால் கேரட். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. பயிற்சியில் போகும் அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

கேட் பிரச்சினைக்குத் தனி வழி. தெரு தெரியும் கிரில்லின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பச்சை வலையாலோ மறைத்துவிடுங்கள். பால்காரர், குப்பை வண்டி, டெலிவரிக்காரர் என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்து, ஒவ்வொருவரும் போய்விட, தான் விரட்டியதாகவே நாய் நினைத்துக்கொள்கிறது. பார்க்காவிட்டால் பாதி குறையும்.

இன்னொன்று: எரிச்சல் சேரும். காலையில் வெட்டினரி கிளினிக், மதியம் விருந்தாளி, மாலையில் பக்கத்து வீட்டில் வெடிச்சத்தம் என்று ஒரு நாள் போனால் அன்றைக்குக் குட்டியோடு சேர்த்து விடவே விடாதீர்கள். அதன் பதற்றம் இறங்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். தீபாவளியை ஒட்டிய நாட்களில் இரண்டையும் முழுக்கப் பிரித்து, பெரிய நாயைச் சன்னல் மூடிய அறையில் மின்விசிறிச் சத்தத்தோடு வைத்து, கூட ஒருவர் இருங்கள். பயம் அதிகமென்றால் மருத்துவரிடம் சில வாரங்கள் முன்பே சொல்லுங்கள், மருந்து உண்டு.

மசில் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் வாய்க்கூடையையும் பழக்கிவிடுங்கள். கூடை மாதிரி இருக்க வேண்டும், உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி மசில் நம் வெயிலுக்கு உயிராபத்து. கூடைக்குள் சிக்கன் துண்டு போட்டு, நாயே மூக்கை நுழைக்கும்வரை வாரை மாட்டாதீர்கள். இதை அவமானமாக நினைக்க ஒன்றுமில்லை. லிஃப்ட்டிலும் மாடிப்படியிலும் அக்கம்பக்கத்தாருக்கு அது தரும் நிம்மதி பெரிது, உங்கள் கையும் தளர்வாக இருக்கும்.

குட்டிக்கான பயிற்சி

குட்டிக்கு உலகம் பழகும் காலம் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை. தடுப்பூசிக் காலமும் அதுவே: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. ஊசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைத்தால், கண்டதற்கெல்லாம் பயப்படுகிற இன்னொரு நாய் தயாராகிவிடும். அதனால் கையில் தூக்கிக்கொண்டோ, துணிப்பையில் வைத்தோ, ஸ்கூட்டரின் முன்னே பத்திரமாக உட்கார வைத்தோ வெளியே காட்டுங்கள். ஆட்டோ ஹார்ன், காய்கறி வண்டிக்காரரின் கூவல், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கோயில் மேளம், ஊன்றுகோல் தாத்தா. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து, ஒரு துண்டு தீனியோடு.

முக்கியமான விதி: இந்த வெளியுலகப் பாடம் எதுவும் பெரிய நாயோடு சேர்ந்து நடக்கக் கூடாது. பெரியது தெருநாயைப் பார்த்துப் பாயும்போது குட்டி பக்கத்தில் நின்றால், தெருநாய் என்றால் பயப்பட வேண்டியது என்று அன்றைக்கே அதன் மனதில் பதிந்துவிடும். செவலைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் குட்டியாக வந்த மின்னியை ஆறு மாதம் ஆகும்வரை தனியாகத்தான் வெளியே கூட்டிப்போனோம். இன்று செவலை குரைத்தால் அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் தனி வாக்கிங்கைச் செய்யுங்கள்.

வீட்டுக்குள் மூன்று பாடம் போதும். பெயர் சொன்னால் ஓடி வருவது. பெரிய நாயை விட்டு விலகி வந்தால் பரிசு கிடைக்கும் என்பது. தனியாக இருக்கப் பழகுவது. கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குட்டி எப்போதும் பெரியதோடு ஒட்டியே வளர்ந்தால், பெரியதை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாளில் ஊரைக் கூட்டும்.

சேர்ந்து இருக்கும் நேரம்

தடுப்புக்கு இருபுறமும் இரண்டும் அமைதியாகப் படுத்துத் தூங்குகின்றன என்றால் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது. குட்டியை ஓடவிட்டுக் களைப்பாக்கி, பெரியதையும் வாக்கிங் முடித்துக் கூட்டிவந்து, பிறகு விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். இரண்டின் மேலும் மெல்லிய கயிறு மாட்டித் தரையில் இழுபட விடுங்கள், அவசரத்துக்கு மிதித்துப் பிடிக்கலாம். பெரியதுக்கு ஏறிக்கொள்ள ஒரு திவானோ கட்டிலோ இருக்கட்டும், குட்டியால் ஏற முடியாத உயரத்தில். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

குட்டிக்கு நான்கைந்து மாதம் ஆகும்போது ஒரு மாற்றம் வரும். அதுவரை சின்னது என்று பொறுத்துப்போன பெரிய நாய் சட்டென்று கண்டிப்பாகிவிடும். பயப்பட வேண்டாம், தடுப்பைத் திரும்பப் போடுங்கள், நேரத்தைக் குறையுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை குட்டியின் விடலைப் பருவம். பழகியதையெல்லாம் மறந்தது போல நடக்கும். பெட்டை பருவத்துக்கு வரும் நாட்களில் ஆண் நாய்களின் பதற்றம் கூடும். கருத்தடை எப்போது செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சண்டை வந்துவிட்டால்

கையை நடுவில் விடாதீர்கள். கழுத்துப்பட்டையைப் பிடிக்கவும் போகாதீர்கள், மனிதர்கள் கடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். தட்டைக் கீழே போட்டுப் பெரிய சத்தம் எழுப்புங்கள், ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், கனத்த போர்வையைத் தூக்கிப் போடுங்கள், நாற்காலியையோ பலகையையோ நடுவில் நுழைத்துவிடுங்கள். பிரிந்ததும் தனித்தனி அறை. அன்றைக்கு மறுபடி சேர்க்கக் கூடாது. குட்டியின் மேல் சின்னப் பல் தடம் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் புள்ளி போலத் தெரிவது உள்ளே ஆழமாக இருக்கும்.

மனிதர் மேல் பல் பட்டால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் கூடவே, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரண்டு நாய்களோடும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

தடுப்பை எடுப்பது எப்போது

இதற்குக் காலக்கெடு கிடையாது. சில வீட்டில் இரண்டு மாதம், சில வீட்டில் ஒரு வருடம். குட்டி கூப்பிட்டால் விளையாட்டை விட்டு வருகிறதா, பெரியது விலக நினைக்கும்போது விலகிப் போகிறதா, குட்டி அதை விடுகிறதா, ஒரு மாதமாக உடம்பு இறுகும் காட்சி ஏதும் இல்லையா. இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் கேட்டைத் திறந்து வையுங்கள். யாரும் இல்லாதபோதும் இரவிலும் மூடியே இருக்கட்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் வெளியே கிளம்பும்போது நடுக் கேட்டைப் போட்டுவிட்டுத்தான் வாசல் கதவைப் பூட்டுகிறோம்.

எவ்வளவு செய்தும் பெரிய நாய் சரியாகச் சாப்பிடாமல், ஒரு மூலையை விட்டு நகராமல், எப்போதும் குட்டி இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பயிற்சி ஏறுவதற்கு உதவும். அப்போதும் முடியவில்லை என்றால், காலம் முழுக்கக் கேட்டின் இருபக்கமும் முறை வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை கூடுதல்தான், ஆனால் இரண்டு நாயும் நன்றாகவே வாழும். அதற்கும் வீட்டில் இடமோ ஆளோ இல்லையென்றால், குட்டி சின்னதாக இருக்கும்போதே நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுங்கள். நான்கு மாதக் குட்டிக்கு வீடு கிடைக்கும். கடிபட்டுப் பயந்துபோன ஒன்றரை வயது நாய்க்குக் கிடைப்பது கஷ்டம்.